சரக்குக் கறிக்காக ஸ்பானிஷ் படித்தேன்

என் மகளுக்குத் தலைப்பிள்ளை பிறக்கவிருந்தது ஸ்பெயினில், அவளுடைய மாமியார் வீட்டில். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்துச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பது எங்கள் ஊரான உரும்பிராயில் தாயின் உரிமை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"மாமி தன்ரை குசினிக்கை ஒருத்தரையும் விடமாட்டா, அம்மா. நான் கேக்கமாட்டன்," என்றாள் மகள் தொலைபேசியில்.

"நீ கேக்க வேண்டாம். அவவின்ரை பாஷையிலை நானே கேக்கிறன்."

வாய் முந்திவிட்டது. ரோசம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

அன்றே கைபேசியில் பாடம் தொடங்கினேன். "விடுங்கோ" என்றால் அதிகாரம். "விடுவீங்களோ" என்று பணிவாகக் கேட்க ஸ்பானிஷில் தனி வினைவடிவம் உண்டு. "இப்படியென்றால் அப்படிச் செய்வேன்" என்பதற்கும் அதுவேதான். ஒழுங்கான வினையென்றால் வேலை சுகம்: முழுச்சொல்லை வெட்டாமல் வைத்து 'ஈயா' என்ற வாலை ஒட்டினால் போதும். விடுவது தெஹார், அது தெஹாரீயா ஆகும். சமைப்பது கொசினார், அது கொசினாரீயா. சமையலறையை நாங்களும் குசினி என்பதால் அது உடனே மனதில் நின்றது. ஆளுக்கு ஆள் வால் கொஞ்சம் மாறும்.

அந்த மாற்றங்களைப் பள்ளிக்கூட வாய்ப்பாடு போல ராகம் போட்டுப் பாடமாக்கினேன். வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்கும்போதும் அதே பாட்டு.

"வெங்காயத்துக்கும் ஸ்பானிஷ் படிப்பிக்கிறீரோ?" என்று என் வீட்டுக்காரர் வரம்பில் நின்று நக்கலடித்தார். நான் சட்டை செய்யவில்லை.

கேட்கும் நாள் வந்தது. வீடியோ அழைப்பில் சம்பந்தியம்மா. பக்கத்தில் வயிற்றைத் தாங்கியபடி மகள். வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. எட்டேழு என்னவென்று திடீரெனக் கேட்டால், ஓரெட்டு எட்டு என்று முதலிலிருந்து தொடங்கினால்தானே எங்களுக்கு வரும்? வெட்கத்தை விட்டு ராகத்தோடு பாடினேன்: "தெஹாரீயா, தெஹாரீயாஸ், தெஹாரீயா..."

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். சம்பந்தியம்மா திகைத்துப் பார்த்தார். பிறகு கைதட்டித் தாளம் போட்டு, "தெஹாரீயாமொஸ்!" என்று என்னோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார்.

பாடி முடித்ததும் என் நாக்கு அவிழ்ந்தது. உங்கள் குசினியில் என்னைச் சமைக்க விடுவீர்களோ என்று ஸ்பானிஷில் முழுதாகக் கேட்டேன்.

அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னதில் ஓம் என்று பொருள்படும் "ஸீ" மட்டும் எனக்கு விளங்கியது. அது போதும். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓமாம், அம்மா. தானும் சாப்பிடுவாவாம்," என்றாள்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். முற்றத்துக்கு ஓடிவந்து சத்தம் போட்டேன்:

"இஞ்சேருங்கோ! மல்லியைக் காயப்போடுங்கோ. நான் ஸ்பெயினுக்குச் சமைக்கப் போறன்!"