அவ்ரோவுக்கு அடுத்தது

“டக்கோட்டா... பாக்கெட்டு... கரிபு... அவ்ரோ...”

பரளச்சிக்கு மேற்கே பொழுது சாயும்போது, பட்டிப் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு சோணைமுத்து இப்படித்தான் ஆடுகளைக் கூப்பிடுவார். விமானப்படையில் சரக்கு விமானங்களுக்குப் பெயரும் எண்ணும் எழுதிய பெயிண்டர். ஓய்வுபெற்று வந்தாலும் கை சும்மா இருக்குமா? ஆட்டின் விலாவில் சிவப்புப் பெயிண்டால் விமானப் பெயரை எழுதுகிறார். படைக்கு முதலில் வந்த விமானத்தின் பெயர் மூத்த கிடாவுக்கு; அந்த வரிசையிலேயே மற்றவற்றுக்கும். போன வாரம் பிறந்த குட்டி சி-நூற்று முப்பது.

“சி-ன்னா சரக்கு. அமெரிக்காக்காரன் செய்யுற வேலையப் பேருக்கு முன்னால போடுவான். ருஷ்யாக்காரன் செஞ்சவுக பேரப் போடுவான். முன்னால நிக்கிற எழுத்துதான் ஆளு யாருன்னு சொல்லும்” என்பார்.

அவ்ரோவுக்கு அடுத்தது ஏ.என். முப்பத்திரண்டு. அந்தப் பெயரில் ஆடு கிடையாது. அவர் எண் எழுதிய ஒரு ஏ.என்., இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் கிளம்பிப் போனது போனதுதான். கூட்டாளி அருஞ்சுனையும் அதில் இருந்தார். அந்த இடம் வந்ததும் சோணைமுத்து கூப்பிடுவதை நிறுத்துவார். அப்போது வறண்ட கண்மாய்க்குள்ளிருந்து ஒரு ஆட்டுமணி விட்டுவிட்டு ஒலித்தபடி நடந்து வரும். படலுக்கு வெளியே நின்றுவிடும். போய்ப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. ஆடுகள் மட்டும் அத்தனையும் அந்தப் பக்கமே பார்த்து நிற்கும். அவருடைய ஆடு எதற்கும் மணி கட்டியதில்லை. தினமும் கேட்பதுதான், இருந்தாலும் பயத்தில் மிச்ச ஆடுகளை உள்ளே தள்ளி அவசரமாகப் படலைச் சாத்திவிடுவார்.

நேற்று மல்லாங்கிணற்றிலிருந்து அருஞ்சுனையின் மனைவி தங்கம்மாள் வந்திருந்தார், நெற்றியில் குங்குமத்தோடு. அன்றைக்கு வயிற்றிலிருந்த மகள் யுவராணிக்கு இப்போது கல்யாணம். பத்திரிகைக்கு எழுதிய தாளில் அருஞ்சுனை பெயருக்கு முன்னால் வெறும் இடம் விட்டிருந்தது.

“திருன்னு போடவா, தெய்வத்திருன்னு போடவாண்ணே? அவுக இல்லன்னு வந்த ஆபீஸு கடுதாசிய இன்ன வரைக்கும் நான் நம்பல. நீங்க சொன்னா நம்புறேன்.”

சோணைமுத்து படலைத் திறந்து பிடித்தார். ஆடுகளைக் கூப்பிட ஆரம்பித்தார். அவ்ரோ உள்ளே போனதும் நிறுத்தினார். மணி வந்தது.

தங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். “அண்ணே, இது அவுக நடை. இப்படித்தான் ஒரு காலச் சாய்ச்சு வருவாக.”

சோணைமுத்து படலை இன்னும் அகலமாகத் திறந்தார்.

“ஏ.என். முப்பத்திரண்டு... உள்ள வாலே.”

மணி இருவரையும் கடந்து உள்ளே போய் ஓய்ந்தது. ஆடுகள் நகர்ந்து, ஒன்று படுக்கும் அளவுக்கு நடுவில் இடம் விட்டன.

அவர் படலைச் சாத்திக் கயிறு கட்டினார். தங்கம்மாளிடமிருந்து தாளை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அந்த வெறும் இடத்தில் ‘தெய்வத்திரு’ என்று, விமானத்தில் எழுதுவது போலவே, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினார்.