அரங்கம் நிரம்பி வழிந்தது

முனைவரம்மா இருபத்தாறு வயதில் பட்டம் வாங்கியவர். பாடல் தொலைந்துபோய் அதன் உரை மட்டும் மிஞ்சிய பழைய ஏடுகளைப் பற்றிய ஆய்வு. அதை முழுசாகப் படித்தவர்கள் மூன்றே பேர்: தேர்வாளர்கள் இருவர், தட்டச்சு செய்தவர் ஒருவர்.

ஆய்வு சோறு போடாது என்று தெரிந்ததும் தொலைக்காட்சிக்குப் போனார். தினமும் காலையில் பத்து நிமிடம் இலக்கியம் பேசினார். அது ஐந்தாகி, மூன்றாகி, கடைசியில் முகப்பருவுக்கு வழி சொல்லும் டாக்டருக்கு இடம்விட்டு ஒதுங்கியது. பிறகு பண்பாட்டு மையத்தில் செய்தித் தொடர்பு அலுவலர் வேலை.

அங்கே ஒரு வழக்கம். விழாவுக்கு முந்தின நாளே விழாச் செய்தியை எழுதி நாளிதழ்களுக்கு அனுப்பிவிட வேண்டும். 'அரங்கம் நிரம்பி வழிந்தது' என்று அவர் எழுதும்போது அங்கே நாற்காலிகூடப் போட்டிருக்காது. சிறப்பு விருந்தினர் மேடையில் கொட்டாவி விட்டாலும் செய்தியில் உணர்ச்சி பொங்கத்தான் பேசுவார். மேலே சிவப்பு எழுத்தில் 'விழா முடிந்த பிறகே வெளியிடவும்' என்று ஒரு வரி போடுவார். இருபத்தேழு வருஷத்தில் ஒருநாளும் அது தவறியதில்லை.

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கையில் அந்த ஆய்வு புத்தகமாக வந்தது. மையத்திலேயே வெளியீட்டு விழா. ஊரார் விழாவையெல்லாம் எழுத்தில் நிரப்பியவருக்கு, தன் விழாவிலாவது நிஜ ஆட்கள் வந்து உட்கார வேண்டும் என்று ஆசை. இருக்காதா பின்னே? முந்தின நாள் மதியம் செய்தியைத் தானே எழுதினார். 'ஏற்புரை வழங்கிய நூலாசிரியர் கண்கலங்கினார்' என்று முடித்து, பூரித்துப்போய் அனுப்பியும் விட்டார். சிவப்பு வரி விட்டுப்போனது. யானைக்கும் அடி சறுக்கும்.

மறுநாள் காலை எல்லா நாளிதழிலும் விழா சிறப்பாக நடந்து முடிந்திருந்தது.

முதலில் நாத்தனார் கூப்பிட்டார். "தேதியத் தப்பா குறிச்சுட்டேன் போல அண்ணி. மன்னிச்சுக்குங்க."

அடுத்து சிறப்பு விருந்தினர். "என் பேச்சு பிரமாதம்மா! நேர்ல வந்திருந்தாக்கூட இவ்வளவு நல்லா பேசியிருக்க மாட்டேன்."

"ஐயா, விழா இன்னிக்குச் சாயங்காலம்தான்!"

"அதான் பேப்பர்லயே வந்துருச்சே. மறுபடி எதுக்கு?" என்று போனை வைத்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க முனைவரம்மா போனும் கையுமாகக் கெஞ்சினார். எல்லாரும் வாழ்த்தினார்கள். யாரும் வருவதாகச் சொல்லவில்லை.

மாலை ஆறு மணி. துடைத்துப் போட்ட இருநூறு நாற்காலிகளில் ஒன்றில் கணவர் உட்கார்ந்திருந்தார். மைக்செட்காரர் வயரைச் சுற்றத் தொடங்கியிருந்தார்.

"என்னங்க, வீட்டுக்குப் போயிடலாமா?"

"மேல ஏறிப் பேசு. முப்பத்திரண்டு வருஷமா நானும் அதைப் படிக்கல. நீ என்னதான் எழுதியிருக்கேன்னு கேக்கறேன்."

மைக்செட்காரரும் வயரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். முனைவரம்மா மேடையேறினார். பேச வாயெடுத்தார், கண் கலங்கியது. எழுதி அனுப்பிய செய்தியில் அந்த ஒரு வரிதான் நடந்தது.