உமிழ்நீர்க் குப்பியோடு ஆழ்வார்குறிச்சிக்கு

புற்றுநோய் மரபணுவியலில் ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் ஒருமுறையாவது ஒரு குடும்பத்தை அதன் வீட்டிலேயே சந்திக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தின் பயிற்சி விதி. போன ஜனவரியில் என் முறை வந்தது. உடன் வரவேண்டிய தோழி ஆய்வை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சென்னையிலிருந்து தனியாகத்தான் கிளம்பினேன்.

திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்தேன். ஆழ்வார்குறிச்சி சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இருபது ரூபாய்க்குள்தான். அம்பாசமுத்திரம் தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல், அதற்கப்பால் மலை. 'எவ்வளவு அழகு' என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.

ஸ்டேஷனில் ஆட்டோக்காரர், "இங்கன யாரைப் பாக்க வந்திய?" என்றார். தெருவைச் சொன்னேன். "ஜமீலாக்கா வீடா? அவங்க ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து வெளியவே காணமே," என்றார். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அடுத்தவர் நோயைப் பற்றிப் பேசக்கூடாது என்பது முதல் பாடம்.

ஜமீலாவின் அக்காவும் தங்கையும் மார்பகப் புற்றுநோயில் போனவர்கள். ஜமீலா சிகிச்சை எடுத்துத் தேறியவர். அவரிடம் ஒரு மரபணுப் பிழை இருந்தது. மகள் ரஹ்மத்துக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அவள் சம்மதித்தால் குப்பியில் கொஞ்சம் உமிழ்நீர் வாங்கி வரவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

ஜமீலா வீட்டில் நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அறை நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள், உறவுக்காரப் பெண்கள், ஜமீலாவின் தம்பி. ஒத்திகை பார்த்த மாதிரியே விளக்கினேன். தம்பிதான் முதலில் பேசினார்.

"பிள்ளைக்கு மாப்பிள பாத்துட்டிருக்கோம். இது வெளிய தெரிஞ்சா என்ன ஆவும்? நீங்க ரயிலேறிப் போயிருவிய."

ஜமீலா தலை குனிந்திருந்தார். ரஹ்மத்தைப் பார்த்தேன். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். "வேண்டாம்," என்றாள்.

வற்புறுத்தக் கூடாது. நன்றி சொல்லி எழுந்தேன். வாசல்வரை யாரும் வரவில்லை. அதில் தவறும் இல்லை. ஆனாலும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. ஆய்வு வழிகாட்டியை அழைத்தேன், எடுக்கவில்லை. அம்மாவை அழைக்கலாம் என்றால், என்ன வேலை செய்கிறேன் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. ரஹ்மத்.

"அக்கா, இப்ப கேளுங்க."

"என்னது?"

"அங்கன கேட்டியள்ல, அதத்தான். அத்தன பேரு என் மூஞ்சியவே பாத்தா நான் என்ன சொல்ல?"

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு தெரியவேண்டுமா வேண்டாமா என்பதும் அவள் விருப்பம் என்றேன்.

"எனக்குத் தெரியணும். பெரியம்மாக்குத் தெரியாமலே போச்சு," என்றாள். அதே பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகக் குப்பியை நிரப்பினாள். ரயில் வரும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

இப்படிப் பயணம் போகும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். திரும்பும் ரயில் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் நெடுநேரம் வண்டி இல்லை. தண்ணீர் கொண்டுபோங்கள். கேட்கவேண்டியவரிடம் தனியாகக் கேளுங்கள். அறை நிறைந்தால் பேச்சை மாற்றிவிட்டுக் காத்திருங்கள். 'வேண்டாம்' என்ற பதிலோடும் திரும்பலாம்.

சென்னையில் குப்பியை ஒப்படைத்ததும் வேறொருவர் பெயரை எடுத்துவிட்டு அதற்கு ஓர் எண் கொடுத்தார். முடிவை மரபணு ஆலோசகர்தான் அவளிடம் சொல்வார். இந்த வாரம் நூற்றுக்கணக்கான எண்களின் முடிவுகளைத் திரையில் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று ரஹ்மத்துடையது. எது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. ஒவ்வொன்றையும் அவளுடையதாக நினைத்தே படிக்கிறேன்.