டீச்சர் மீட்டிங் போன நாள்

காலையில் மலையிலிருந்து ஒடுகத்தூர் இறங்கும் ஷேர் ஜீப்பில் ஏறினேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டீச்சர், பசங்களுக்கு முன்னாடி நீங்களே கட் அடிச்சிட்டீங்களா?" என்றேன்.

ஜீப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"மீட்டிங்குக்குப் போறேங்க தாத்தா. நம்ம ஸ்கூல்ல பசங்க ஏன் கொறையறாங்கன்னு நான் போய் பதில் சொல்லணும்."

"அப்ப ஸ்கூலை யாரு பாத்துக்கறது?"

"கூட இருந்த இன்னொரு டீச்சருக்குச் சம்பளம் குடுக்க கவர்மெண்டுல பணம் ஒதுக்கலைன்னு அவங்கள நிறுத்திட்டாங்க. இன்னிக்கு சத்துணவு சமைக்கிற அக்காதான் பாத்துக்கறாங்க. இந்த வருசமும் பசங்க கொறைஞ்சா, நம்ம ஸ்கூலை மூடி கீழ இருக்கிற ஊரு ஸ்கூலோட சேத்துடுவாங்களாம்."

என் பேத்தி மூன்றாவது படிக்கிறாள். கீழ்ப் பள்ளிக்குக் காட்டு வழியில்தான் நடக்க வேண்டும். அதற்கு மேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. பாதியில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நடந்தேன்.

பள்ளியில் சமையல் அக்கா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் சாக்பீஸுமாக நின்றாள்.

"வா மாமா, இதப் புடி. சாம்பார் அடி புடிக்குது" என்று சாக்பீஸைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

நான் நாலாவதோடு நின்றவன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வகுத்தல் கணக்கை நீட்டினாள். "நான் பாட்டு வாத்தியாரும்மா" என்று சொல்லி, சாயங்காலம் வரை எல்லாரையும் பாட வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமும் மீட்டிங் இருக்கிறதாம். வகுத்தல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். மதியச் சோறு உண்டு, முட்டை மட்டும் பசங்களுக்கு.