நான் போட்ட ஒன்று

குழுவில் என்னோடு வேலை செய்த பெண்ணுக்கு நான் போட்ட மதிப்பெண் ஒன்று. ஐந்துக்கு ஒன்று. தெரிந்து போட்டேனா, தெரியாமல் போட்டேனா என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கடைசிப் பத்து வருடம் பெரிய கிராணி. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தபோது தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பாவும் கிராணிதான். "ஆபீஸ்லயே இடம் இருக்கும்போது கல்லூரி எதுக்கு?" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, வேலை அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொண்டு ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வயதானவர்களைச் சேர்க்கிறது என்று கேள்விப்பட்டேன். சனி ஞாயிறுகளில் சிரம்பானில் வகுப்பு. மின்சாரத் தொழில்நுட்ப டிப்ளோமா. அறுபத்தேழு வயதில் சேர்ந்தேன்.

முதல் நாளே குழம்பிப் போனேன். வருகைப் பதிவேடு இல்லை. சுவரில் தெரியும் கியூ.ஆர். கட்டத்தைக் கைபேசியால் படம் பிடிக்க வேண்டும். நான் சுவரை முழுதாகப் படம் பிடித்து விரிவுரையாளர் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாடக் குறிப்பு, நேர அட்டவணை, தேர்வு அறிவிப்பு எல்லாம் வாட்ஸாப்பில் நூறு சிரிப்புப் படங்களுக்கு நடுவில் வரும். எது பாடம், எது விளையாட்டு என்று பிரித்தெடுப்பதற்குள் மறுநாள் ஆகிவிடும்.

மூன்று பேர் கொண்ட குழுவில் என்னைப் போட்டார்கள். ஒருத்தி சுவா என்ற ஊரிலிருந்து வருபவள், இருபத்து நான்கு வயது, பகலில் மின்பொருள் கடையில் வேலை. இன்னொருவன் ரஹாங் பக்கத்துப் பையன், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்து மேசையில் தலை சாய்த்துவிடுவான்.

"அங்கிள், நம்ம குரூப்ல ஒரு ஸ்லீப்பிங் பார்ட்னர் இருக்காரு, பாத்துக்குங்க" என்றாள் அந்தப் பெண்.

"அப்படியா? எந்தக் கம்பெனியில்?" என்று கேட்டேன்.

வேலை செய்யாமல் மதிப்பெண் மட்டும் வாங்குபவனுக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் அது என்று எனக்கு எப்படித் தெரியும்? தூங்கிக் கொண்டிருந்தவனே எழுந்து சிரித்தான். "அங்கிள், நீங்கதான் லா நம்ம பாஸ்" என்றான். அன்றிலிருந்து அவனுக்கு நான் பாஸ்.

எங்கள் திட்டம் என் பழைய எஸ்டேட்டின் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை நாற்றுப்பண்ணைக்கு ஒரு கருவி. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பம்பு தானே ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும். மானேஜரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தது நான். அங்கே போனபோதுதான் அவள் சொன்னாள்: "எங்கப்பா இங்கதான் அங்கிள் பால் மரம் சீவுனாரு. அப்புறம் செம்பனைக் குலை வெட்டுனாரு. உங்கள நல்லா தெரியும்னாரு."

யார் என்று கேட்டேன். சொன்னாள். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே துண்டைக் கையில் பிடித்தபடி நிற்கும் ஒருவர். அவரை ஒரு நாளும் நான் உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லை. யாரையும் சொன்னதில்லை, அது அப்போது வழக்கமில்லை. இதை ஒரு சமாதானமாக எழுதவில்லை.

மின்சுற்றுப் படம் வரையும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அடிக்கோல் வைத்து, பென்சிலால், இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். விரிவுரையாளர் அம்மாவிடம் காட்டும்போது அவள் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், சுவிட்ச் தலைகீழா இருக்கு. இப்படிப் போட்டா தொட்டி நிறைஞ்ச பிறகுதான் பம்பு ஓடும்."

"எங்கே?" என்றேன். எனக்குத் தெரியவில்லை.

"இங்க பாருங்க. நர்சரியே மொதக்கும்." சிரித்துவிட்டாள். விரிவுரையாளர் அம்மாவும் சிரித்தார். "பரவால்ல அங்கிள், நான் மாத்திடுறேன்." பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டாள். என் அடிக்கோல் கோடுகளுக்கு மேல் நீலப் பேனாவால்.

பையன் மட்டும், "படம் அழகா இருக்கு பாஸ், பிரேம் போட்டு வைங்க" என்றான். கேலிதான். ஆனாலும் அது எனக்கு இதமாக இருந்தது.

அதன் பிறகு எல்லாம் அவளே செய்தாள். கம்பி இணைத்தது, அறிக்கை எழுதியது, சோதித்தது. கருவி நன்றாக வேலை செய்தது. வகுப்பின் முன் விளக்கம் சொன்ன நாளில் அவள் முதலில் என் படத்தைக் காட்டி, "இது எங்க அங்கிளோட வெர்ஷன், மழைக்காலத்துக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் அந்தச் சிரிப்பு காதிலிருந்து போகவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் போனில் ஒரு படிவம் வந்தது. குழுவில் உள்ள மற்ற இருவருக்கும் மதிப்பெண் போட வேண்டும். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. குழுவின் மதிப்பெண் இந்தச் சராசரியை வைத்து ஒவ்வொருவருக்கும் கூடும், குறையும். ஒன்று முதல் ஐந்து வரை வட்டங்கள். அவளுக்கு ஒன்று. பையனுக்கு ஐந்து. அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

நான் படித்த காலத்தில் தேர்வில் ஒன்று என்றால் உச்சம், ஒன்பது என்றால் தோல்வி. ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஒன்று வாங்கியதாலேயே கிராணி ஆனவன் நான். எஸ்டேட்டிலும் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கும்போது ஒன்றாம் நம்பர்தான் முதல் தரம். ஐந்து என்றால் கறுத்தது, குமிழ் விழுந்தது. உழைத்தவளுக்கு ஒன்று, தூங்கியவனுக்கு ஐந்து. கை பழக்கத்தில் போட்டுவிட்டது. இதுதான் என் ஒரு பக்கம்.

இன்னொரு பக்கமும் உண்டு. படிவத்தின் தலைப்பில் இரண்டு மொழியில் எழுதியிருந்தது: ஒன்று மிகவும் மோசம், ஐந்து மிகச் சிறப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கையின் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படித்தவன் நான். இதை மட்டும் எப்படிப் படிக்காமல் விட்டேன்? கருத்து எழுத ஓர் இடம் இருந்தது. அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அதில் எழுதவில்லை. பையனைப் பற்றியும் எழுதவில்லை.

முடிவு வந்த சனிக்கிழமை, கேண்டீனில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். நல்ல தரம் வந்திருந்தால் அவளுக்குப் பெரிய வளாகத்தில் முழுநேரப் பொறியியல் பட்டப் படிப்புக்கு மாற இடம் கிடைத்திருக்கும். வீட்டில் சொல்லிவிட்டாள், கடையிலும் வேலையை விடப்போவதாகச் சொல்லிவிட்டாள். வந்தது சி.

"எனக்குச் சராசரி மூனு! ராப்பகலா செஞ்சவளுக்கு மூனு! ஏன்டா இப்படிப் பண்ணுன?"

"சத்தியமா அஞ்சு போட்டேன் டீ. எனக்கு மூனரை வந்திருக்கு, அதுவே எனக்கு ஆச்சரியம்."

"நான் உனக்கு ரெண்டு போட்டேன், ஒளிச்சுப் பேசல. அப்படின்னா அங்கிள் உனக்கு அஞ்சு போட்டிருக்காரு. தூங்குமூஞ்சி உனக்கே அஞ்சு போட்டவரு, எனக்கு ஒன்னு போடுவாரா?"

அவன் என்னைப் பார்த்தான். "பாஸ், நீங்களாவது சொல்லுங்க லா."

"அவர இதுல இழுக்காத" என்றாள்.

அவளைக் கீழே இழுத்தது நான் போட்ட ஒன்று என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இதுதான்: "சரி, சரி, சத்தம் போடாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் தேநீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். "ஒரு வருஷமா ஒன்னா படிக்கிறோம் பாஸ், என்னைப் பத்தி இவ்வளவுதான் தெரிஞ்சு வச்சிருக்கா" என்றான். அவனுக்கு அவள்மேல் பிரியம் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

மேல்முறையீட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. விரிவுரையாளர் அம்மாவுக்குத் தினமும் ஒரு கடிதம் எழுதினேன். தினமும் அழித்தேன். படிவம் படிக்கத் தெரியாத கிழவன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கெடு முடிந்த மறுநாள் நேரில் போனேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று மட்டும் மலாய் மொழியில் கேட்டார். மதிப்பெண்கள் மேலிடத்துக்குப் போய்விட்டன. அவரால் இனி ஒன்றும் செய்ய முடியாது.

அங்கிருந்து நேராகச் சுவாவுக்குக் காரை ஓட்டினேன். அவள் அப்பாதான் வாசலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் நாற்காலியைத் துடைத்தார். "வாங்கையா, உக்காருங்கையா." அவர் உட்காரவில்லை. அவள் கடையிலிருந்து வரும்வரை நின்றுகொண்டே பேசினார். அவள் வந்ததும் சொல்லிவிட்டேன். ஒன்று போட்டது, கேண்டீனில் வாய் திறக்காதது, ஒரு வாரம் கடத்தியது, எதையும் விடவில்லை.

பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"மேல எழுதியிருந்ததே அங்கிள், அதைப் படிக்கலையா? இல்ல, படிச்சிட்டுத்தான் போட்டீங்களா?"

"தெரியல."

"தெரியலன்னா என்னா அங்கிள்?"

"யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்மா. தெரியல."

"ஐயா தெரியாமத்தான் போட்டிருப்பாரு" என்றார் அவள் அப்பா. அதைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"அவனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "இப்பவே போடுங்க. என் முன்னாடி."

போட்டேன். தூக்கக் குரலில் எடுத்தான். "பாஸ்? ஷிப்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு லா." சொன்னேன். "அவ பக்கத்துல இருக்காளா?" என்றான். போனை அவளிடம் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது.

அவள் அப்பா என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஐயா, ஒன்னு போட்டேன்னீங்க. ஒன்னுன்னா ஒசத்திதானே? அதுக்கு ஏன் புள்ள அழுவுது?"

"இப்ப அப்படி இல்லப்பா. ஒன்னுதான் கடைசி."

"அப்படியா? எப்ப மாத்துனாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். எழுந்து இன்னொரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். "உக்காருங்க" என்றேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மகள் நின்ற பக்கம் திரும்பிக்கொண்டார். நின்றபடியே இருந்தார்.