பையன்கள் வெளியே போகாத பாடம்

2004 ஜூலை 14, புதன்கிழமை. யாங்கோனில் அடைமழைக் காலம். வழக்கம்போல நாலரைக்கு எழுந்து, அரிசி களைந்து உலையில் போட்டு, சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். கணவருக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா சோறு கட்டினேன். தன்லியினிலிருந்து ஆறேகாலுக்குக் கிளம்பும் பஸ்சைப் பிடித்தால்தான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் இருக்கும் எங்கள் பள்ளிக்கு மணி அடிக்கும் முன் போய்ச் சேர முடியும். நான் அங்கே ஏழாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் என்னை 'சயாமா' என்று கூப்பிடுவார்கள். பர்மாவில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவது.

அந்த பஸ்சை ஓட்டியவர் தமிழர். நான் ஏறினால், தன் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி எனக்குக் கொடுப்பார். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். அவருடைய பிள்ளையும் என் வகுப்புதான், அதே பஸ்சில்தான் வரும். பதிமூன்று வயது. பள்ளிப் பதிவில் ஆண்.

எங்கள் பள்ளிகளில் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே பச்சை லுங்கிதான் சீருடை, கட்டும் விதம்தான் வேறு. பையன்கள் முன்பக்கம் முடிச்சுப் போடுவார்கள். பெண்கள் இடுப்போரம் மடித்துச் செருகுவார்கள். அந்தப் பிள்ளை அப்பாவின் பஸ்சிலிருந்து முடிச்சோடு இறங்கும். பள்ளி வாசலுக்குப் போவதற்குள் முடிச்சு மடிப்பாக மாறியிருக்கும். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை. வகுப்பில் பையன்கள் வரிசையின் கடைசியில், பெண்கள் பக்கத்தை ஒட்டிய ஓரத்தில் உட்காரும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதிகம் பேசாது.

அன்றைக்கு வளரும் பருவத்தில் உடம்பில் வரும் மாற்றங்களைப் பற்றிய பாடம். அந்தப் பாடத்துக்கு எங்கள் பள்ளியில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. சில ஆசிரியைகள் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். மற்றவர்கள் பையன்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு, பெண்களுக்கு மட்டும் தணிந்த குரலில் சொல்லி முடிப்பார்கள். பையன்களுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. அவர்களுக்குப் பந்துதான் கொடுப்பார்கள். நான் இரண்டாவது வகை.

மதியத்துக்கு முந்தைய பாடவேளை. மழை கொட்டிக்கொண்டிருந்ததால் பந்துக்கும் வழியில்லை. பையன்களைத் தாழ்வாரத்தில் போய் நிற்கச் சொன்னேன். ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு எல்லோரும் போனார்கள். அந்தப் பிள்ளையும் எழுந்தது. வாசற்படி வரை போய் அப்படியே நின்றுவிட்டது.

வெளியிலிருந்து ஒரு பையன், "நீ எங்க வர்ற? உனக்குத்தான் பாடம் நடக்குது, உள்ள போ" என்றான். தாழ்வாரமே சிரித்தது. உள்ளே முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "இங்க இடமில்ல, அங்கயே வச்சுக்கோங்க" என்றாள். உள்ளேயும் சிரிப்பு. பிறகு வெளியிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. பெண்போல நடக்கும் ஆண்களைக் கேலி செய்யும் பர்மியச் சொல் அது. அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பிள்ளை அழவில்லை. திரும்பி வந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மழைக்குள் இறங்கி வாசலை நோக்கி நடந்தது. குடையை எடுக்கவில்லை. அந்த நடையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது வீட்டுக்கு ஓடுகிற நடை இல்லை, இனிமேல் வருவதில்லை என்று முடிவு செய்த நடை. என் வேலையில் அப்படிச் சில பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவர்கள் குறைவு.

நான் செருப்புகூடப் போடாமல் ஓடி, கொடிமரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். எங்கே போகிறாய் என்று தமிழில் கேட்டேன்.

"எங்க நிக்கணும்னு சொல்லுங்க, சயாமா. நிக்கிறேன்" என்றது.

வகுப்பறை, தாழ்வாரம், இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஓர் இடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. அதனால் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து, தாழ்வாரத்தில் நின்ற எல்லாப் பையன்களையும் உள்ளே போய் உட்காரச் சொன்னேன். இதைத் துணிச்சல் என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். வேறு வழி தெரியாமல் செய்த காரியம்தான் அது.

முதல் சில நிமிடங்கள் ஒரே கிசுகிசுப்பு. பையன்கள் மேசைக்கு அடியில் தலையை விட்டுச் சிரித்தார்கள். பெண்கள் கூரையைப் பார்த்தார்கள். புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்து, கரும்பலகையில் படம் போட்டேன். பையன்களுக்கு ஏன் குரல் உடைகிறது, பெண்களுக்கு மாதவிலக்கு ஏன் வருகிறது, இரண்டு உடம்பிலும் எது எங்கே இருக்கிறது, எல்லாம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக அடங்கியது. குரல் உடைந்துகொண்டிருந்த ஒருவன், இது நோயா, எப்போது சரியாகும் என்று கேட்டான். அவன் கேட்டதே கீச்சுக் குரலில் வந்ததால் எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். அது வேறு சிரிப்பு.

அப்புறம் தாழ்வாரத்தில் கேலி பேசிய பையன் எழுந்தான். முகத்தை ரொம்பப் பணிவாக வைத்துக்கொண்டு, "சயாமா, ஆம்பளை உடம்போட இருந்துக்கிட்டு நான் பொம்பளைன்னு ஒருத்தர் நெனச்சா, அவங்க எந்தப் படத்துல வருவாங்க?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். "இந்தப் படம் உடம்பைக் காட்டுது. மனசைக் காட்டல. நீ சொல்ற மாதிரி ஆட்கள் இருக்காங்க, எல்லா ஊர்லயும் எல்லாக் காலத்துலயும் இருந்திருக்காங்க. ஏன் அப்படின்னு எனக்கு முழுசாத் தெரியாது. தெரியாததை நான் சொல்லித்தர முடியாது. ஆனா அவங்களைக் கேலி செய்யறது பாடத்துல இல்லைன்னு மட்டும் நல்லாத் தெரியும். உக்காரு."

உட்கார்ந்தான். அந்தப் பிள்ளை ஈரச் சட்டையோடு படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை. மணி அடித்துவிட்டதால் பாடம் பாதியோடு நின்றது.

மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி தலைமை ஆசிரியைக்குப் போய்விட்டது. அவரைச் 'சயாமஜி' என்போம், பெரிய டீச்சர். பர்மியப் பெண்மணி. கெட்டவர் இல்லை, ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தவர், மேலிடத்துக்குப் பயந்தவர். பையனையும் பெண்ணையும் ஒன்றாக வைத்து இந்தப் பாடத்தை நடத்தியதற்கு என்னைக் கடிந்துகொண்டார். அது எனக்கு வலிக்கவில்லை. ஆனால் அவர் கூப்பிட்டு அனுப்பியது அந்தப் பிள்ளையின் அப்பா அம்மாவை. குழப்பத்துக்குக் காரணம் யாரோ அவர்கள் வரட்டும் என்றார். அது வலித்தது.

மூன்று மணிக்கு அப்பா வந்தார், பஸ்சை நிறுத்தத்தில் விட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு. நகரத்து லத்தா சந்தையில் வடை சுட்டு விற்கும் அம்மா, கை முழுக்க வடைமாவு காய்ந்து ஒட்டியிருக்க வந்து சேர்ந்தார். பிள்ளையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

சயாமஜி அன்பாகத்தான் ஆரம்பித்தார். இந்த வருஷம் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள், கொஞ்ச நாள் புத்த மடாலயத்தில் விட்டால் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்பா அதற்குமேலும் போனார். மடமும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம், நாளையிலிருந்து தன் வண்டியிலேயே ஸ்பேர் வேலைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஸ்பேர் என்றால் பஸ்சில் டிக்கெட் காசு வாங்குகிற ஆள். நாலு ஆம்பளைகளோடு தொங்கிக்கொண்டு போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

"உங்களுக்குத் தெரியாது, சயாமா. வீட்டுல இவன் லுங்கி எந்தக் கொடியில காயுது தெரியுமா? பொம்பளைங்க துணி போடுற கீழ்க்கொடியில. ரெண்டு வருஷமா. நான் எடுத்து மேல போட்டா, மறுநாள் மறுபடி கீழ இருக்கு. என் வீட்டுலயே எனக்கு மரியாதை இல்ல."

பர்மாவில் இருந்தவர்களுக்கு இது என்ன என்று தெரியும். ஆணுக்கு ஒரு மகிமை உண்டு, பெண்ணின் லுங்கிக்குக் கீழே போனாலோ, ஆண் துணி அதோடு சேர்ந்தாலோ அது போய்விடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதனால் வீட்டுக்கு வீடு இரண்டு கொடி. ஆண்கள் துணிக்கு உயரத்தில், பெண்கள் துணிக்கு வீட்டின் பின்புறம், தாழ்வாக. இது பர்மியர் வழக்கம்தான், ஆனால் எங்கள் தமிழர்கள் அதை அவர்களைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டவர்கள். அதிலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பயம் அதிகம். வீட்டில் ஒருவர் மகிமை போனாலும் வண்டிக்கு விபத்து வரும் என்பார்கள். தன் மகனே தன் துணியைக் கீழ்க்கொடியில் போடுகிறான் என்பது அந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குப் புரிந்தது.

அம்மா கையில் ஒட்டிய மாவை உரித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"அது போடல. நான்தான் போடுறேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"மொதல்ல மேல் கொடியிலதான் போட்டேன். விடியறதுக்கு முந்தி எந்திரிச்சுப் போயி, ஈரத்தோட எடுத்துக் கீழ போட்டுட்டு வந்து படுக்கும். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு. மழையில நனைஞ்சு ரெண்டு தடவ காய்ச்சல். புள்ள காய்ச்சல்ல கெடக்குறதுக்கு நானே அங்க போட்டுடலாம்னு போட்டேன். நீங்க எடுத்து மேல போட்டதையும் நான்தான் கீழ மாத்துனேன்."

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். அம்மா நிறுத்தவில்லை.

"ரெண்டு வருஷமா அங்கதான் காயுது. உங்க வண்டி ஒரு கோழி மேலயாச்சும் ஏறுச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். தமிழ் தெரியாத சயாமஜி என்ன பேசினார்கள் என்று கேட்டார். நான் ஒன்றையும் விடாமல் பர்மியத்தில் சொன்னேன். அந்தப் பெண்மணி நாற்காலியை அம்மாவின் பக்கம் திருப்பினார். ஒரு பெண் வேண்டுமென்றே மகனின் லுங்கியைக் கீழ்க்கொடிக்கு மாற்றுகிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். வெளியே மழை கொஞ்சமும் விடவில்லை.

கடைசியில் சயாமஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்த மழையில் பையன்களைத் தாழ்வாரத்தில் நிறுத்தினால் சளி பிடிக்கும். மழைக்காலம் முடியும்வரை எல்லாப் பிள்ளைகளும் உள்ளேயே இருக்கட்டும். யாராவது கேட்டால் மழைக்காக என்று சொல்லுங்கள்." பிறகு புத்தகத்துக்கு வெளியே எதுவும் பேசக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். பிள்ளையை நிறுத்துவதைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. இதைவிட அதிகமாக அவரால் கொடுத்திருக்க முடியாது. அந்த ராணுவ ஆட்சிக் காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அப்பா எதையும் ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசலில் பிள்ளையின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். சட்டை இன்னும் ஈரமா என்று தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "காலையில மொத வண்டிக்கு வந்துடுவீங்கல்ல? அதையும் ஏத்திக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கிப் போனார்.

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில் படித்தது. இப்போது எப்படி, எந்தப் பெயரில் வாழ்கிறது என்பதைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமையில்லை.

இந்த விஷயங்களையெல்லாம் வீட்டில்தான் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்தில் கூடாது என்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கவலையையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எங்கள் வீடுகளில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தெரியாத ஒரு அம்மா, கொடியை மட்டும் மாற்றிவைத்தார். உடம்பைப் பற்றித் தெரிந்ததை மறைக்காமல், தெரியாததைத் தெரியாது என்று, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் இருபத்தைந்து வருஷ வேலையில் நான் நிச்சயமாகக் கற்றுக்கொண்டது. எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால், பள்ளிக்கூடத்திடம் பதில் இருக்க வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை காலை, வகுப்புக்குள் போனதும் முதல் வேலையாக, பாதியில் நின்ற பாடத்தின் அடுத்த பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். பழக்கதோஷத்தில் எழுந்து நின்ற பையன்களை உட்காரச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்தே வைத்து வாசிக்க ஆரம்பித்தேன்.