வண்டிகள் ஊர் திரும்பிய கோடை

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டப் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு பிட் விற்கும் கடை வைத்திருக்கிறேன். பாறையைக் குடையும் இரும்புத் தலை அது. தேய்ந்தால் மாற்றியே ஆகவேண்டும். அதனால் எங்கள் பக்கத்து நிலவரம் கடையில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும். பிட் வேகமாகப் போனால் வறட்சி. சங்ககிரி ரோட்டில் வண்டிகள் சும்மா நின்றால் நல்ல மழை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்துவந்தேன்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததுமே பிட் பறந்தது. வழக்கமாக வடக்கே வெளி மாநிலங்களுக்குப் போகும் வண்டிகளுக்கெல்லாம் உள்ளூரிலேயே வேலை. என் அண்ணனிடம் ஒரு ரிக் உண்டு. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு தொழில் செய்வதில் அவனுக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். ஒருநாள் கடைக்கு வந்தவன் சொன்னான்: "புதுசா யாருங் கூப்புடல புள்ள. போன வருசம் போட்ட தோட்டத்துக்கேதான் மறுக்காப் போறோம்." அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரையில் நாமகிரிப்பேட்டையிலிருந்து மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி. அவர் தோட்டத்துத் தென்னைகள் குருத்துச் சாய்ந்து நின்றன. அண்ணனோடு நானும் போனேன். முதலில் போட்ட இடத்தில் ஈரமே இல்லை. வடக்கு வேலியோரம் வேறு இடம் பார்த்து ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் கல்பொடி பறந்து ஓடு, மாடு, அத்தையின் தலைமுடி எல்லாம் வெளுத்துப்போயின. அத்தை எல்லாருக்கும் மோர் கொடுத்தார்.

அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தான். "போதுமுங்க மாமா. வெறும் பொடிதான் வருது."

"இன்னுங் கொஞ்சம் போலாஞ் சாமி," என்றார் மாமா. கெஞ்சுகிற குரல். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மறுபடியும் ஓட்டினான். சாயங்காலம் வரைக்கும் பொடிதான். கடைசியில் குழியை மூடி போட்டு அடைத்தபோது, மாமா அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

வைகாசி பாதியில் பிட் விற்பனை திடீரென்று படுத்தது. சங்ககிரி ரோட்டில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பிட் அனுப்பும் கம்பெனிக்காரர் போனில் சந்தோஷமாகவே கேட்டார், உங்கள் பக்கம் நல்ல மழையா என்று. வெளியே பார்த்தேன். வேப்பமரத்தில்கூட இலை சுருண்டிருந்தது.

"மழை இல்லீங்க," என்றேன். "இனிமேப் போர் போட ஆளில்லீங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. தண்ணீர் கிடைத்ததால் அல்ல, கிடைக்காது என்று தெரிந்துபோனதால் விவசாயிகள் நிறுத்திவிட்டார்கள். அதுவரை விற்ற பிட்டெல்லாம் வெறும் கல்லில் தேய்ந்தவை.

மாமா தென்னைகளை வெட்டச் சொல்லிவிட்டு, குமாரபாளையத்தில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார். அத்தையும் கூடவே போய்விட்டார். அண்ணன் வண்டியைச் சத்தீஸ்கருக்கு ஓட்டிப்போனான். ஒரு மாதம் கழித்து போனில் பேசினான். அங்கே கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டு அடிக்கிறதாம், ஆட்கள் நனைந்துகொண்டே வேலை செய்கிறார்களாம்.

"மாமங்கிட்டச் சொல்லிப்போடாத புள்ள," என்றான்.

நான் சொல்லவில்லை.